ஈடும் நாணயமும்

ஈடாக வைத்த பொருளின் விலை அதன்மேல் வாங்கிய கடனுக்கும் கீழே இறங்கிவிட்டால், கடனாளி என்ன செய்வது தர்மம்? பொருளைக் கடன் கொடுத்தவரிடமே விட்டுவிட்டு, இனி உமக்கும் எமக்கும் கணக்கில்லை என்று கையை உதறிக்கொண்டு போய்விடலாமா? அல்லது, பொருள் போன பின்பும் பாக்கியை உழைத்துக் கொடுத்தே தீர வேண்டுமா? இக்கேள்வி வக்கீல்களுக்கும் பாங்கி அதிகாரிகளுக்கும் மட்டும் உரியதன்று. பயிர் வைக்கும் ஒவ்வொரு குடியானவனும், அந்தப் பயிருக்காகக் கழுத்து நகையைக் கழற்றிக் கொடுக்கும் ஒவ்வொரு மனைவியும் யோசிக்க வேண்டிய கேள்வி இது.

கொடைக்கானலுக்கு மேற்கே, பழனி மலையின் மேற்பகுதியில் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை முதலிய கிராமங்கள் இருக்கின்றன. படிப்படியாக வெட்டிய சரிவு நிலங்களில் அங்கே மலைப்பூண்டும் உருளைக்கிழங்கும் காரட்டும் பீன்ஸும் விளைகின்றன. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ம் வருஷத்தில் புவிசார் குறியீடு கிடைத்தது. அது மலைவாசிகளின் உழைப்புக்குக் கிடைத்த கௌரவம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் குறியீடு பெயரைக் காக்குமேயன்றி விலையைக் காப்பதில்லை. மூட்டைகளை மலையிலிருந்து இறக்கிப் பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டிச் சந்தையில் போட்ட பிறகுதான் பூண்டிக் குடியானவனுக்குத் தன் விளைச்சலின் விலை தெரிகிறது. 2024-ம் வருஷத் தொடக்கத்தில் சில்லறைக் கடைகளில் பூண்டு கிலோ 400 ரூபாய்க்கு மேல் விற்றது. விலை ஏறும்போது விதைப்பூண்டின் விலையும் கூடவே ஏறுகிறது. உச்ச விலைக்கு விதை வாங்கி நட்டவன், தோண்டி எடுக்கும் பருவத்தில் விலை சரிந்துவிட்டால், வருஷம் முழுவதும் மழையிலும் பனியிலும் பட்ட பாட்டுக்குக் கடனை மட்டுமே கண்டவனாவான்.

இப்படிப்பட்ட குடியானவனுக்கு அவசரத்துக்கு உதவுவது பொன். நிலத்தை அடமானம் வைக்கப் பட்டா, வில்லங்கம், ரிஜிஸ்தர் என்று பல படிகள் ஏற வேண்டும்; நகையை வைக்க ஒரு மணி நேரம் போதும். 2025-ம் வருஷத் தொடக்கத்தில் ஒரு பவுன் சுமார் 57,000 ரூபாயாக இருந்தது. அவ்வருஷம் அக்டோபருக்குள் 90,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. அதே வருஷம் ஜூன் மாதத்தில் ரிசர்வ் பாங்கி வெளியிட்ட விதிகளின்படி, 2,50,000 ரூபாய் வரையுள்ள நகைக் கடன்களுக்கு நகையின் மதிப்பில் நூற்றுக்கு 85 வரை கொடுக்க இடம் ஏற்பட்டது. அதற்கு முன் பொதுவாக நூற்றுக்கு 75 தான் எல்லை. ஏறிய விலையில், கூடுதலான வீதத்தில் கடன் கிடைக்கும்போது ஜனங்கள் வாங்கத்தான் செய்வார்கள். விலை மேலும் ஏறிக்கொண்டே போனால் சங்கடமில்லை. இறங்கினால்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் 3 பவுன் நகையைப் பவுன் 90,000 ரூபாய் என்ற மதிப்பில் ஈடு வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நகையின் மதிப்பு 2,70,000 ரூபாய். வட்டியும் சேர்ந்து வாயிதா நாளில் அவர் கட்ட வேண்டியது 2,25,000 ரூபாய். இடையில் பொன் விலை நாலில் ஒரு பங்கு குறைந்து பவுன் 67,500 ரூபாயாகிவிட்டால் நகையின் மதிப்பு 2,02,500 ரூபாய்தான். மீட்டால் 22,500 ரூபாய் நஷ்டம்; மீட்காவிட்டால் லாபம் என்று கணக்குச் சொல்கிறது. செய்கூலியும் சேதாரமும் ஏற்கெனவே போனவை. அவற்றை அடகு மதிப்பில் யாரும் சேர்ப்பதில்லை. கணக்குச் சொல்வதை மனசாட்சியும் சொல்லுமா என்பதே நம் முன் உள்ள பிரச்னை.

இது வெறும் கற்பனைக் கணக்கன்று. 2011-ம் வருஷம் செப்டம்பரில் உலகச் சந்தையில் ஓர் அவுன்ஸ் பொன் சுமார் 1,900 டாலர் விற்றது. 2013-ம் வருஷம் ஜூனில் சுமார் 1,200 டாலருக்கு இறங்கியது. 2013 ஏப்ரலில் இரண்டே வர்த்தக நாட்களில் நூற்றுக்குப் பதின்மூன்று அளவு விழுந்தது. ரூபாயின் மதிப்பும் கூடவே குறைந்ததால் நம் நாட்டில் வீழ்ச்சி சற்று மட்டுப்பட்டது. எனினும் உச்ச விலையில் தாராளமாகக் கடன் கொடுத்த கம்பெனிகள், மீட்க ஆள் வராத நகைகளைக் கையில் வைத்துக்கொண்டு தவித்தன. நகைகள் ஏலத்துக்குப் போயின. அதன் பின் கடன் தவணையை மூன்று மாதமாகச் சுருக்கிக்கொண்ட கம்பெனியும் உண்டு. ஆகவே விலை ஏறியிருக்கும் காலத்திலேயே இவ்விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. வெள்ளம் வந்த பிறகு கரையைப் பற்றி ஆலோசிப்பதில் பயனில்லை.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின்படி, அடகுப் பொருளை விற்றுக் கிடைத்த பணம் கடனுக்குப் போதாவிட்டால் மிச்சத்தை அடகு வைத்தவர் கொடுக்க வேண்டும். கடனுக்கு மேல் கிடைத்தால் அதிகத்தை அவருக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இதில் ஒரு சமநிலை இருக்கிறது. விலை ஏறினால் லாபம் எனக்கு, இறங்கினால் நஷ்டம் உனக்கு என்று கடனாளி சொல்ல முடியாது. ஏற்றத்தை நான் விழுங்கிக்கொள்கிறேன், குறைவை நீ கொடு என்று கடன் கொடுத்தவரும் சொல்ல முடியாது. நிலத்தைச் சாதாரண அடமானம் வைத்தவரும் இப்படியே. நிலம் ஏலம் போய் மிச்சம் நின்றால், அவர் மேல் தனிப்பட்ட டிக்ரி பெறச் சிவில் நடைமுறைச் சட்டம் வழி வைத்திருக்கிறது.

ஆனால் எல்லா ஈடும் ஒரே தன்மையானவை அல்ல. நம் கிராமங்களில் நெடுங்காலமாக வழங்கிவரும் ஒத்தி என்னும் ஏற்பாட்டைக் கவனியுங்கள். பணம் கொடுத்தவர் நிலத்தைச் சுவாதீனம் பெற்று வட்டிக்குப் பதிலாக விளைவை அநுபவிக்கிறார். நிலத்துக்குடையவர் பணம் கிடைத்தபோது திருப்பிக் கொடுத்து நிலத்தை மீட்டுக்கொள்கிறார். அவர் தம் சொந்தப் பொறுப்பில் பணம் தருவதாக எழுதிக் கொடுத்தாலன்றி, அவரைப் பணத்துக்காகத் தொடருவது பொதுவாக இயலாது. 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டமும் இவ்வித்தியாசத்தை ஒப்புக்கொண்டிருக்கிறது. ஒத்தி வைத்தவர் நிலத்தை மீட்காமலே விட்டுவிட்டால் அவரை நாணயமற்றவர் என்று ஊரார் ஏசுவதில்லை. நிலமே பணத்துக்குப் பதில் சொல்லும் என்பது இரு தரப்பாரும் அறிந்து செய்துகொண்ட உடன்படிக்கை.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்குகிறது. ஈட்டை விட்டுவிட்டுப் போவது எப்போதும் பாவமும் அன்று. எப்போதும் நியாயமும் அன்று. எதை வாக்களித்தோம் என்பதே முதற் கேள்வி. ஈட்டை மட்டும் பொறுப்பாக்கிக் கடன் வாங்கினால், ஈட்டைக் கொடுத்ததும் வாக்கு நிறைவேறிவிட்டது. தன்னையும் பொறுப்பாக்கிக் கையெழுத்திட்டால் ஈடு அவ்வாக்குக்கு ஒரு பிணை மட்டுமே. பிணை இளைத்துவிட்டது என்பதால் வாக்கு இளைத்துவிடாது.

எனினும், வாக்கு என்ற ஒன்றையே பிடித்துக்கொண்டு பேசுவது வறட்டு நியாயமாகும். விலைகள் எல்லாம் ஒருங்கே விழும் காலங்கள் உண்டு. 1929-ம் வருஷத்துக்குப் பின் வந்த பெரும் மந்தத்தில் சென்னை மாகாணத்தில் நெல் விலை ஏறக்குறையப் பாதியாயிற்று. நிலத்தின் விலையும் விழுந்தது. கடனோ பழைய ரூபாய்க் கணக்கிலேயே நின்றது. பத்து மூட்டை நெல்லுக்குச் சமமாக வாங்கிய கடனை இருபது மூட்டை நெல் விற்று அடைக்க வேண்டியதாயிற்று. 1930-ல் மாகாண பாங்கி விசாரணைக் கமிட்டி விவசாயக் கடனைச் சுமார் 150 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. 1935-ல் சத்தியநாதன் அறிக்கை சுமார் 200 கோடி என்றது. ஜனங்கள் வீட்டிலிருந்த பொன்னையெல்லாம் விற்றுத் தீர்த்தார்கள். அத்தகைய காலத்தில் நிலத்தை எடுத்துக்கொள், என்னை விடு என்று குடியானவன் சொன்னால் அது ஏமாற்றும் பேச்சாகாது. மூச்சுத் திணறுகிறவனின் குரல் அது.

அந்தக் குரலுக்கு ராஜாஜியின் மந்திரிசபை 1938-ம் வருஷத்தில் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தின் மூலம் பதில் அளித்தது. 1932 அக்டோபர் முதல் தேதிக்கு முன் ஏற்பட்ட கடன்களில், 1937 அக்டோபர் முதல் தேதி வரை நின்ற வட்டிப் பாக்கி முழுவதையும் அச்சட்டம் தள்ளுபடி செய்தது. அசலைப் போல் இரு மடங்கு ஏற்கெனவே கொடுத்திருந்தால் கடனே தீர்ந்ததாகக் கொள்ளப்பட்டது. வட்டி அசலை மிஞ்சலாகாது என்பது நம் தர்மசாஸ்திரங்களிலேயே உள்ள பழைய கொள்கை. சட்டம் அதைப் புதிய உருவில் கொண்டுவந்தது. கடன் கொடுத்தவர்கள் இது ஒப்பந்தத்தை உடைப்பதாகும் என்று முறையிட்டார்கள். ஆனால் ரூபாயின் வாங்கும் சக்தி இரட்டித்தபோது ஒப்பந்தத்தை முதலில் உடைத்தது யார்? காலம் உடைத்தது. அந்த நஷ்டத்தை இரு தரப்பாரும் பங்கிட்டுக்கொள்ளும்படி சட்டம் செய்தது நியாயமே.

பங்கிட்டுக்கொள்ளாத இடத்தில் என்ன நேர்ந்தது என்பதற்குப் பர்மா சாட்சி. கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் ஜில்லாக்களில் 1930-ல் சுமார் நூற்றுக்கு ஆறு அளவு நிலம் செட்டிமார்களிடம் இருந்தது. 1937-ல் அது நூற்றுக்கு இருபத்தைந்தாயிற்று. அவர்கள் நிலத்தைத் தேடிப் போகவில்லை. கொடுத்த பணம் திரும்பாமல் ஈடு நிலம் கையில் வந்து விழுந்தது. கடன் கொடுத்தவரின் கணக்கில் குற்றமில்லை. ஆனால் நிலமிழந்த பர்மியக் குடியானவனின் கண்ணுக்கு அக்கணக்குத் தெரியவில்லை. தன் வயலில் அந்நியன் நிற்பதே தெரிந்தது. பின்னர் யுத்தம் வந்தது. 1948-ல் நிலங்களைத் தேசியமாக்கும் சட்டமும் வந்தது. தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பல தம் முதலை முழுவதும் அங்கே இழந்தன. ஈட்டை முழுவதும் எடுத்துக்கொண்டவரும் இறுதியில் கையை விரித்துக்கொண்டு திரும்ப நேர்ந்தது.

சமீப காலத்தில் அமெரிக்கா இதே பரீட்சைக்கு உள்ளாயிற்று. 2008-ம் வருஷ நெருக்கடிக்குப் பின், அங்கே அடமானத்திலிருந்த வீடுகளில் சுமார் நாலில் ஒரு பங்கு கடனுக்கும் குறைந்த விலையுள்ளவையாயின. கலிபோர்னியா போன்ற ராஜ்யங்களில், வீடு வாங்குவதற்கென்றே பெற்ற கடனில் மிச்சத்தை வசூலிக்க முடியாதென்று பெரும் மந்த காலத்திலேயே சட்டம் செய்திருந்தார்கள். ஆகவே கட்டச் சக்தியுள்ளவர்களிலும் பலர் சாவியைக் கடன் கொடுத்தவரிடம் கொடுத்துவிட்டு வெளியேறினார்கள். அடமானக் கடன் கொடுப்போர் சங்கத்தின் தலைவர், இப்படிச் செய்கிறவர்கள் தம் குடும்பத்தாருக்கும் பிள்ளைகளுக்கும் என்ன பாடம் கற்பிக்கிறார்கள் என்று வருந்திக் கேட்டார். ஆனால் அச்சங்கமே 2007-ல் 7 கோடியே 90 லட்சம் டாலருக்கு வாங்கிய தன் தலைமைக் கட்டடத்தை 2010-ல் 4 கோடியே 13 லட்சம் டாலருக்கு விற்றது. கடன் அதைவிட அதிகமாயிருந்தது. பெரிய முதலாளிகள் நியூயார்க்கில் வாங்கிய பிரமாண்டமான குடியிருப்பையும் அதே வருஷம் கடன்காரர்களிடம் விட்டுவிட்டுப் போனார்கள். ஏழைக்கு மட்டும் நீதி போதனை. பணக்காரனுக்கு வியாபார சாமர்த்தியம் என்று பெயர்.

இந்த இரட்டை நீதி நம் நாட்டிலும் இல்லாமலில்லை. 2016-ம் வருஷத்து நொடிப்புச் சட்டத்தின்கீழ்த் தீர்வு கண்ட கம்பெனிகளில், கடன் கொடுத்தோர் ஒப்புக்கொள்ளப்பட்ட கோரிக்கையில் சராசரி மூன்றில் ஒரு பங்கு அளவையே பெற்றிருக்கிறார்கள். மீதியை விட்டுக்கொடுப்பதற்கு முடி திருத்தல் என்று மென்மையான பெயரும் வைத்திருக்கிறார்கள். கம்பெனி நொடித்தால் பங்குதாரரின் வீட்டுப் பாத்திரத்தை யாரும் தொடுவதில்லை. அவ்வேற்பாடு தொழில் வளர்ச்சிக்கு அவசியமென்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதே உலகத்தில், 22,500 ரூபாய் மிச்சத்துக்காகப் பூண்டிக் குடியானவனின் வாசலில் நின்று ஊர் கேட்கச் சப்தம் போடுவது எவ்வகையிலும் நீதியாகாது. வெட்கத்தை வசூல் கருவியாக்குகிறவர்கள் நாணயத்தைப் பற்றிப் பேசும் உரிமையை இழந்துவிடுகிறார்கள்.

அப்படியானால் குடியானவனும் கம்பெனியைப் போல் கணக்குப் பார்த்து நடக்கலாமே என்று சிலர் வாதிக்கக்கூடும். இங்கேதான் நாம் இரண்டாவது கேள்வியைக் கேட்கிறோம்: பணம் யாருடையது? இம்மாகாணத்தில் முதல் விவசாயக் கடன் சங்கம் 1904-ம் வருஷத்தில் செங்கற்பட்டு ஜில்லாவின் திரூரில் ஏற்பட்டது. அந்த நாளில் இத்தகைய சங்கங்களுக்கு நம் பெரியோர் ஐக்கிய நாணய சங்கம் என்று பெயரிட்டார்கள். அப்பெயரில் பெரிய கருத்து இருக்கிறது. காசுக்கும் நாணயம் என்று பெயர்; சொன்ன சொல் தவறாமைக்கும் நாணயம் என்று பெயர். ஒருவன் தனியே பெற முடியாத கடனைப் பலருடைய நாணயத்தின் பேரில் பெறுவதே சங்கத்தின் தத்துவம். அங்கே ஒருவன் கட்டச் சக்தியிருந்தும் கட்டாமல் போனால், நஷ்டம் தூரத்திலுள்ள முதலாளிக்கன்று. அடுத்த சரிவில் விதைப்பூண்டுக்குக் காத்திருக்கும் பங்காளிக்கு. சுய உதவிக் குழுவில் ஒருத்தி தவறினால் மற்றவர்கள் தலையில் அது விடிகிறது. ஜாமீன் கையெழுத்துப் போட்ட சிநேகிதனைச் சிக்கவைத்துவிட்டு நடப்பவனுக்கு எந்தக் கணக்கும் நியாயம் தேடித் தராது. இலாபத்துக்காக, நஷ்டத்தின் அபாயத்தையும் வட்டியில் சேர்த்து வாங்கிக்கொண்டே கொடுத்த கம்பெனியின் நிலை வேறு. அதனிடமும் வாக்கு வாக்குத்தான். ஆனால் தன் மதிப்பீட்டின் தவறை முழுவதும் கடனாளியின் முதுகில் ஏற்ற அதற்குத் தார்மிக பாத்தியதை இல்லை.

மூன்றாவது கேள்வி, இயலாமையா, மனமின்மையா என்பது. விளைச்சல் அழிந்து, குடும்பத்துக்கு அரிசி வாங்கவும் வழியில்லாதவன் மிச்சத்தைக் கொடுக்காமலிருப்பது குற்றமன்று. பிள்ளைகளைப் பட்டினி போட்டுக் கடனடைப்பதையோ, கந்து வட்டிக்கு வாங்கிப் பாங்கிக்குக் கட்டுவதையோ தர்மம் என்று நாம் ஒருபோதும் ஒப்பமாட்டோம். கடனுக்கு அஞ்சி உயிரை மாய்த்துக்கொள்வதைப் போன்ற கொடுமையும் வேறில்லை. எந்தக் கடனும் ஓர் உயிருக்கு ஈடாகாது. ஆனால் கையில் பணத்தை வைத்துக்கொண்டே, நகை விலை இறங்கிவிட்டதென்பதற்காக மட்டும் வாக்கைக் கைவிடுவது வேறு. அவன் நாளை விலை ஏறியிருந்தால் நகையைக் கேட்டு வந்திருப்பான் என்பதை அவனே அறிவான்.

இன்னொரு விஷயத்தை ஆண்மக்கள் எளிதில் மறந்துவிடுகிறார்கள். அந்த நகை யாருடையது? பயிர் கணவனுடையது, பட்டா அவன் பெயரில் இருக்கிறது, ஈட்டுக்குப் போனதோ மனைவியின் பிறந்த வீட்டுச் சீதனம். கணவன் நெருக்கடியில் அதை உபயோகித்தாலும் திருப்பிக் கொடுக்கும் தார்மிகக் கடமை அவனுக்கு உண்டென்று 2024-ம் வருஷம் ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு எடுத்துச் சொல்லியிருக்கிறது. ஆகையால் நகை போனால் போகட்டும் என்று கணவன் முடிவு செய்யும்போது, அவன் இரண்டு கடன்களிலிருந்து விலகுகிறான். பாங்கியின் கடன் ரசீதில் இருக்கிறது. மனைவியின் கடனுக்கு ரசீதில்லை. ரசீதில்லாத கடனே பெரிய கடன். அம்முடிவை அவளைக் கேட்காமல் எடுக்க அவனுக்கு அதிகாரம் கிடையாது.

கடனாளிகளுக்கு நாம் கூறுவது சுருக்கமானது. சங்கடம் வருமுன்பே சொல்லுங்கள். நோட்டீசு வந்த பிறகு ஒளியாதீர்கள். நகையை ஏலத்துக்கு விடுவதைக் காட்டிலும், வழியிருந்தால் தாமே விற்றுக் கணக்கை முடிப்பது பெரும்பாலும் நல்லது. வாயிதா நீட்டிப்பு கேளுங்கள். மதிப்புக்கு மேல் கடன் நின்றாலும், கொடுக்க முடிந்ததைக் கொடுத்துவிட்டு மிச்சத்துக்குப் பேசித் தீர்வு காண்பதில் அவமானம் ஒன்றுமில்லை. கிடைக்கிறதென்பதற்காக நூற்றுக்கு 85 வரை வாங்கவேண்டிய அவசியமும் இல்லை. கடன் கொடுப்போருக்குக் கூறுவதும் உண்டு. விலை உச்சத்தில் இருக்கும்போது அள்ளிக் கொடுத்துக் கிளைகளின் கணக்கை உயர்த்திக்கொள்வது, குடியானவனின் நஷ்டத்துக்கு அஸ்திவாரம் போடுவதாகும். ஏலத்துக்கு முன் தக்க அறிவிப்பும், ஏலத்தில் நியாயமான விலையும், அதிகம் கிடைத்தால் உடனே திருப்பிக் கொடுத்தலும் சலுகைகள் அல்ல, கடமைகள்.

சர்க்காரின் கடமை இன்னும் கடினமானது. 2016-ல் சிறு, குறு விவசாயிகளின் 5,780 கோடி ரூபாய்க் கூட்டுறவுக் கடனும், 2021-ல் 12,110 கோடி ரூபாய்ப் பயிர்க் கடனும் தள்ளுபடி செய்யப்பட்டன. பின்னர் 5 பவுன் வரையுள்ள கூட்டுறவு நகைக் கடன் தள்ளுபடிக்காகச் சுமார் 48 லட்சம் கடன்களைப் பரிசீலித்தபோது, 35 லட்சத்துக்கு மேற்பட்டவை தகுதியற்றவை என்று ஒதுக்கப்பட்டன. துயருற்றவனுக்குக் கை கொடுப்பது ராஜ தர்மம். அதில் நமக்கு ஆட்சேபமில்லை. ஆனால் தேர்தலுக்குத் தேர்தல் தள்ளுபடியை எதிர்பார்க்கச் செய்வது, ஒழுங்காகக் கட்டியவனைப் பைத்தியக்காரனாக்கும் காரியம். 1938-ம் வருஷத்துச் சட்டம் ஓர் அசாதாரண காலத்துக்கு விதி வகுத்தது. யாருக்கு, எந்தத் தேதிக் கடனுக்கு, எவ்வளவு என்று முன்கூட்டியே அளந்து சொன்னது. விலை வீழ்ச்சியாலோ இயற்கையின் சீற்றத்தாலோ ஈடு கரைந்துபோகும்போது நஷ்டத்தை எப்படிப் பங்கிடுவது என்பதற்கு, அதைப் போல் நிலையான விதியொன்றை வகுத்து வைக்க வேண்டும். மலைப்பயிர்களுக்கு விலை வீழ்ச்சிப் பாதுகாப்பும், விளைவைக் காத்து வைக்கக் கிடங்கும் ஏற்பட்டால், நகை மலையிறங்கவேண்டிய தேவையே பாதி குறையும்.

ஈட்டின் விலை சந்தையில் ஏறும், இறங்கும். அதை யாரும் தடுக்க முடியாது. மனிதனுடைய சொல்லின் விலையும் அதனோடு சேர்ந்து ஏறி இறங்குமானால், அடுத்த பருவத்தில் பூண்டிக் குடியானவனுக்கு விதைக்குப் பணம் கொடுக்க ஒருவரும் முன்வரமாட்டார். அதே சமயம், அச்சொல்லைச் சங்கிலியாக்கி அவனைக் கட்டிப்போட முயலும் சமூகத்தில் விதைக்க ஒரு குடியானவனும் மிஞ்சமாட்டான். முடிந்தவன் கொடுக்கட்டும், முடியாதவனைக் கொடுத்தவர் பொறுக்கட்டும், இவ்விருவரையும் பிரித்தறியும் வேலையைச் சர்க்கார் நேர்மையாகச் செய்யட்டும்.